தவறியவன் திரும்பும் தூரம்

பெரிய தங்கும் விடுதி ஒன்றிலோ பல மாடி அலுவலகம் ஒன்றிலோ, அறைகளுக்கு நடுவே நீண்டு செல்லும் நடைக்கூடமானது, படிக்கட்டுக்கான கதவைத் தாண்டிய பின்னும் சற்றுத் தூரம் ஓடி, இரண்டொரு அறைகளுக்கு வாயில் கொடுத்துவிட்டு, ஒரு வெறுஞ்சுவரில் போய் முடிவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். விளக்கு எரிந்து தரை துலக்கமாகத் தெரிகிற சாதாரண நாட்களில் அதனால் யாருக்கும் ஒரு தீங்கும் நேர்வதில்லை. சுவர் எதிரே தெரிகிறது, வந்தவன் திரும்பிவிடுகிறான். ஆனால் மின்சாரம் அணைந்து, கூரையிலிருந்து கரும்புகை இறங்கி, கண் எரிந்து மூச்சு முட்டுகிற ஒரு நள்ளிரவில், சுவரைத் தடவிக்கொண்டே வழி தேடுகிற வெளியூர்க்காரன் ஒருவன் படிக்கட்டின் கதவை அறியாமல் கடந்து அந்த மூலைக்குள் போய்விடுவானாகில், அவன் பிழைப்பதும் மாள்வதும் அந்த மூலையின் நீளத்தைப் பொறுத்த விஷயமாகிவிடுகிறது. கட்டட சாஸ்திரம் இதனை முட்டு நடைக்கூடம் என்று தனியே வகைப்படுத்தி, அதன் நீளத்துக்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலும் பின்பற்றுகிற சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பின்படி அந்த எல்லை பொதுவாக 20 அடி. இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி பள்ளிகளிலும், மருத்துவமனை முதலிய நிலையங்களிலும், ஜனங்கள் திரளாகக் கூடும் மன்றங்களிலும் 6 மீட்டர், பிற கட்டடங்களில் 15 மீட்டர்.

20 அடியும் 6 மீட்டரும் ஏறத்தாழ ஒரே தூரந்தான். இத்தகைய திட்டமான ஓர் எண்ணைக் கண்டதும், யாரோ ஒரு கணித நிபுணர் ஏதோ ஒரு சூத்திரத்திலிருந்து அதைக் கணக்கிட்டு எடுத்திருப்பார் என்று நினைப்பது இயல்பு. அவ்வாறு எந்தத் தனிச் சூத்திரமும் இந்த எண்ணைத் தந்துவிடவில்லை. பல தீவிபத்துகளின் விசாரணைகளிலிருந்தும், தீயணைப்போரின் அனுபவத்திலிருந்தும், விதி வகுக்கும் குழுக்களின் நிதானமான ஆலோசனையிலிருந்தும் திரண்டு வந்த முடிவு அது. ஆயினும் அம்முடிவுக்குப் பின்னால் நிற்கும் நியாயத்தைப் பௌதிகத்தைக் கொண்டும் மனித சுபாவத்தைக் கொண்டும் தெளிவாக விளக்க முடியும். கட்டட விதிகளிற் பெரும்பாலானவை வழி அறிந்து நடப்பவனை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. இந்த ஒரு விதியோ வழி தவறியவனுக்காகவே எழுதப்பட்டது. ஒரு மனிதன் எவ்வளவு தூரம் தவறிப் போனாலும் உயிரோடு திரும்பிவர இயலும் என்பதை அது அளந்து சொல்கிறது.

வெளியேறும் வழி என்று நாம் பொதுவாகச் சொல்வதைப் பொறியியலார் மூன்று கூறுகளாகப் பிரித்து நோக்குகிறார்கள். அறையிலிருந்து கிளம்பிப் பாதுகாப்பான படிக்கட்டின் கதவு வரை செல்லும் அணுகுவழி முதலாவது. தீயைத் தடுக்கும் சுவர்களாலும் தானே மூடிக்கொள்ளும் கதவுகளாலும் சூழப்பட்ட படிக்கட்டு இரண்டாவது. அப்படிக்கட்டின் அடியிலிருந்து தெருவையோ திறந்த வெளியையோ சென்று சேரும் இறுதிவழி மூன்றாவது. நான்கும் அதற்கு மேலுமான தளங்களை இணைக்கும் படிக்கட்டின் சுவர் இரண்டு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும் என்று அமெரிக்க விதி கோருவதால், அதற்குள் நுழைந்துவிட்டவன் ஓரளவு நிச்சிந்தையாக இறங்கிவிடலாம். அபாயம் மிகுந்தது முதற்கூறே. ஏனெனில் அங்கே நடப்பவனுக்கும் நெருப்புக்கும் இடையே திடமான தடுப்பு ஒன்றும் இல்லாமற் போகலாம், கதவைக் கண்டுபிடிக்கும் பொறுப்பும் அவனுடைய கண்ணையும் காலையுமே சார்ந்திருக்கிறது. முட்டு நடைக்கூடம் இந்த முதற்கூற்றிலேயே தோன்றும் குறை.

இக்கூறுகள் அறுபட்டால் என்ன நேரும் என்பதை உலகுக்குக் கொடூரமாக உணர்த்திய நிகழ்ச்சி, 1911-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள், சனிக்கிழமை மாலை, நியூயார்க் நகரத்தின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் நிகழ்ந்த தீவிபத்தாகும். பத்துத் தளங்கள் கொண்ட ஆஷ் கட்டடத்தின் மேல் மூன்று தளங்களில் அத்தொழிற்சாலை இயங்கி வந்தது. அங்கு உழைத்தவர்களிற் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் குடியேறிய ஏழைக் குடும்பங்களின் இளம் பெண்கள். எட்டாம் தளத்தில் துணி வெட்டும் மேசையின் கீழே குவிந்துகிடந்த துண்டுத் துணிகளில் பற்றிய நெருப்பு, சில நிமிஷங்களுக்குள் தளம் முழுவதையும் வளைத்துக்கொண்டது. பத்தாம் தளத்துக்குத் தொலைபேசி வாயிலாகச் செய்தி போயிற்று. அங்கிருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கூரை வழியாகப் பக்கத்துக் கட்டடத்துக்குத் தப்பினார்கள். ஒன்பதாம் தளத்துக்கோ எச்சரிக்கை எட்டுமுன் நெருப்பே எட்டிவிட்டது.

அத்தளத்துக்கு இரண்டு படிக்கட்டுகள் இருந்தன. கிரீன் தெருப் பக்கத்துப் படிக்கட்டை நெருப்பு விரைவில் மறித்தது. வாஷிங்டன் பிளேஸ் பக்கத்துக் கதவை நோக்கி ஓடியவர்கள் அது பூட்டியிருக்கக் கண்டார்கள்; வேலை முடிந்து செல்லும் பெண்கள் துணி எடுத்துச் செல்லாதபடி ஒரே வாயிலில் நிறுத்திப் பைகளைச் சோதிப்பதற்காக மற்றொரு வாயிலைப் பூட்டி வைப்பது வழக்கமாயிருந்தது என்று பின்னர் நடந்த வழக்கில் சாட்சிகள் கூறினர். பின்புறத்து இரும்பு ஏணிப்படியோ தெருவைச் சேராமல், கட்டடங்களுக்கு இடையே அடைபட்டுக் கிடந்த முற்றம் ஒன்றை நோக்கி இறங்குவதாக அமைந்திருந்தது. ஏறி நின்றவர்களின் பாரம் தாங்காமல் அதுவும் இற்று வீழ்ந்தது. தீயணைப்புப் படையின் ஏணிகள் ஆறாம் தளம் வரைதான் எட்டின. 146 உயிர்கள் மாண்டன. கட்டடம் தீயைத் தாங்கும் முறையில் கட்டப்பட்டதாகையால் அது நிலைத்து நின்றது. இன்றும் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியாக நின்றுகொண்டிருக்கிறது. கல்லும் இரும்பும் எரியாதிருந்தால் போதும் என்று அதுவரை எண்ணியிருந்த உலகம், கட்டடம் பிழைத்தும் மனிதர் மாளலாம் என்ற உண்மையை அன்று கண்டது. அதன் விளைவாகவே அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், சொத்தின் பாதுகாப்பையே முதன்மையாகக் கருதிவந்த நிலையிலிருந்து மாறி, 1913-இல் உயிர்ப் பாதுகாப்புக்கென ஒரு தனிக் குழுவை நிறுவியது. அக்குழுவின் உழைப்பு 1927-இல் கட்டட வெளியேற்ற விதித்தொகுப்பாக வெளிவந்து, பிற்காலத்தில் உயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பு என்னும் பெயரோடு பல நாடுகளுக்கும் வழிகாட்டியாயிற்று.

தீவிபத்தில் தழலைவிடப் புகையே மிகுதியான உயிர்களைக் கவர்கிறது. நெருப்பிலிருந்து எழும் சூடான வாயுக்கள் இலேசானவையாதலின் நேரே மேலெழுந்து கூரையைத் தொட்டு, அதன் அடிப்புறமாக நாற்புறமும் பரவ முற்படுகின்றன. நடைக்கூடத்தில் இரு பக்கமும் சுவர் இருப்பதால், அங்கே புகுந்த புகை முன்னும் பின்னுமாக இரு திசைகளில் மட்டுமே ஓட இயலும். ஒரு முனை அடைபட்டிருக்குமாயின், அம்முனையை அடைந்த புகை சுவரில் மோதிக் கீழ்நோக்கித் திரும்பி, போக்கிடம் இல்லாமையால் அங்கேயே தங்கி, கவிழ்த்து வைத்த தொட்டியில் நீர் நிரம்புவது போல மேலிருந்து கீழாக அம்மூலையை நிரப்பத் தொடங்குகிறது. ஆகவே, கட்டடத்தின் பிற பகுதிகளில் நின்ற நிலையில் மூச்சுவிட முடிகிற நேரத்திலும், முட்டிய முனையில் நிற்பவன் குனிந்தும் தவழ்ந்துமே நல்ல காற்றைத் தேட வேண்டியவனாகலாம்.

அப்புகையில் கரித்தூளும் நீராவியும் மட்டுமா இருக்கின்றன? அரைகுறையாக எரிந்த பொருள்களிலிருந்து பிறக்கும் கார்பன் மோனாக்சைடு வாயு அதில் கலந்திருக்கிறது, மணமும் நிறமும் அற்ற இவ்வாயு, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுதலோடு இணைந்துகொள்வதால், மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே உடலின் அணுக்கள் பிராணவாயுவின்றி வாடுகின்றன, புத்தி மங்குகிறது, எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று தீர்மானிக்கும் சக்தியே முதலில் போய்விடுகிறது. மெத்தையிலும் சோபாவிலும் நிறைந்திருக்கும் நுரைப் பஞ்சு எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு என்ற இன்னொரு கொடிய விஷமும் சேர்ந்துகொள்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்னதாகவே புகையின் எரிச்சல் கண்ணை மூடச் செய்துவிடுகிறது. 1970-களில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ததஹிசா ஜின், புகை நிறைந்த கூடங்களில் மனிதரை நடக்கச் செய்து பரிசோதித்தபோது, எரிச்சலூட்டும் புகை அடர அடர அவர்களுடைய நடையின் வேகம் திடீரென்று குன்றி, கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பவர்களின் வேகத்துக்கு இறங்கிவிடுவதைக் கண்டார். கட்டடத்தை நன்கு அறிந்தவர்களுக்கு 4 மீட்டர் தூரம் கண் தெரிந்தால் வெளியேறிவிட இயலும் என்றும், அறியாதவர்களுக்கு 13 மீட்டர் தூரமேனும் தெரிய வேண்டும் என்றும் அவர் மதிப்பிட்டார். பழகியவனுக்கும் பழகாதவனுக்கும் இடையே மூன்று மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம் இருப்பதை இங்கே கவனிக்க வேண்டும். விடுதி, மருத்துவமனை, கல்யாண மண்டபம், சினிமாக் கொட்டகை ஆகிய எல்லா இடங்களிலும் நாம் பழகாதவர்களாகவே நுழைகிறோம்.

இனி நேரக் கணக்கைப் பார்ப்போம். வெளியேறத் தேவையான காலம் ஒரு பக்கம், உயிர் தரிக்கக்கூடிய நிலைமை நீடித்திருக்கும் காலம் மறுபக்கம். முன்னது பின்னதைவிடக் குறைந்திருக்கும் வரையில்தான் மனிதனுக்குப் பிழைப்பு உண்டு. டிரையாங்கிள் விபத்து நடந்த ஒன்றரை மாதத்துக்குள், அதே 1911-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள், எடின்பரோ நகரத்து எம்பயர் பேலஸ் நாடகக் கொட்டகையின் மேடையில் தீப்பற்றியது. இந்திரஜால வித்தை செய்துகொண்டிருந்த லஃபாயெட் என்பவரும் அவர் குழுவைச் சேர்ந்த சிலரும் மேடைப் புறத்தில் மாண்டனர். ஆனால் மேடைக்கும் சபைக்கும் இடையே தீத்தடுப்புத் திரை இறங்கியதாலும், வாத்தியக் கோஷ்டியார் தேசிய கீதத்தை இசைத்ததும் ஜனங்கள் எழுந்து ஒழுங்காக நடந்ததாலும், ஏறத்தாழ 3,000 பேர் கொண்ட சபை முழுவதும் இரண்டரை நிமிஷத்தில் வெளியேறிவிட்டதாகச் சொல்லப்படுகிறது. அந்த இரண்டரை நிமிஷம் பிரிட்டிஷ் கட்டட சாஸ்திரத்தில் ஓர் அளவுகோலாகவே நிலைத்துவிட்டது. ஒரே ஆண்டில் இரு நகரங்களில் நடந்த இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு, திறந்த வழியும் அடைபட்ட வழியும் மனித உயிருக்கு எவ்வளவு பெரிய வேற்றுமையை உண்டாக்குகின்றன என்பது விளங்கும்.

இரண்டரை நிமிஷம் என்பது 150 வினாடி. நெருப்பின் வளர்ச்சியை ஆராய்ந்த பொறியியலாரின் கணக்கும் தற்செயலாக இதே எண்ணைத் தொடுகிறது. நெருப்பின் உக்கிரம் காலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது என்பது அவர்கள் கொண்ட பொது நியதி. காலம் இரட்டித்தால் உக்கிரம் நான்கு மடங்காகும். இவ்வகையில் 'விரைவான நெருப்பு' என்று அவர்கள் குறிப்பிடுவது, 150 வினாடியில் சுமார் 1,000 கிலோவாட் வெப்பத்தை வெளியிடும் நிலையை எய்துவது; முதல் 75 வினாடியில் அதன் உக்கிரம் நான்கில் ஒரு பங்கே ஆயினும், அடுத்த 75 வினாடியில் மீதி முக்கால் பங்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் தொடக்கத்தில் வீணாகும் வினாடிகளுக்குப் பின்னால் மிகுந்த விலை கொடுக்க நேர்கிறது.

இந்த 150 வினாடியில் முட்டு நடைக்கூடம் எவ்வளவைத் தின்றுவிடுகிறது என்று பார்க்கலாம். தெளிந்த காற்றில் மனிதன் வினாடிக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர் நடக்கிறான். 6 மீட்டர் நீளமுள்ள முட்டுக்குள் தவறிச் சென்று திரும்புவதற்கு 12 மீட்டர் நடக்க வேண்டும். பத்து வினாடி போதும். அடர்ந்த புகையில் அவன் வேகம் வினாடிக்கு 0.3 மீட்டராகக் குறையுமானால் அதே பயணத்துக்கு 40 வினாடி ஆகிறது. முட்டின் நீளம் 15 மீட்டராயின், தெளிந்த காற்றில் 25 வினாடியும், புகையில் 100 வினாடியும் செல்லும். எதிரே சுவர்தான் இருக்கிறது, கதவு இல்லை என்று தடவிப் பார்த்து நிச்சயிப்பதற்கு ஆகும் நேரத்தையும், திகைத்து நிற்கும் நேரத்தையும் இதில் நான் சேர்க்கவில்லை. 40 வினாடி இழந்தவனுக்கு இன்னும் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. 100 வினாடி இழந்தவனுக்கு, அவன் படிக்கட்டின் கதவருகே திரும்பி வரும்போது அக்கதவு எட்ட முடியாததாகியிருக்கக்கூடும். அன்றியும், தவறிச் செல்பவன் தனியாகச் செல்வதில்லை. முன்னே போகிறவன் வழி அறிந்து போகிறான் என்று நம்பிப் பலர் பின்தொடர்கிறார்கள். அவன் சுவரில் முட்டித் திரும்பும்போது, உள்ளே வருகிறவர்களும் வெளியே திரும்புகிறவர்களும் குறுகிய கூடத்தில் எதிரெதிராக மோதுகிறார்கள். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஏறத்தாழ நான்கு பேர் நெருங்கிவிட்டால் ஜனக்கூட்டத்தின் ஓட்டமே நின்றுவிடுகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. நீளமான முட்டில் கொள்ளும் ஜனங்களும் அதிகம். ஆகவே நீளம் கூடக் கூட அபாயம் அந்த விகிதத்துக்கும் மேலாகவே கூடுகிறது.

இதே நியாயத்தைக் கொண்டு விதியின் விலக்குகளையும் புரிந்துகொள்ளலாம். கட்டடம் முழுவதும் தானியங்கி நீர்த்தெளிப்பான் பொருத்தப்பட்டிருக்குமாயின், அலுவலகம், கடை, விடுதி, அடுக்ககம் முதலிய பல வகைக் கட்டடங்களில் முட்டின் நீளம் 50 அடி வரை போகலாம் என்று அமெரிக்க விதி இசைகிறது. கூரையில் பதித்த தெளிப்பானின் வாயைப் பெரும்பாலும் சிறு கண்ணாடிக் குமிழ் ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது. பொதுவாக 68 டிகிரி அளவு வெப்பத்தில் அக்குமிழ் வெடித்து நீர் பாய்கிறது. சூடு பட்ட தெளிப்பான் மட்டுமே திறக்கிறது. நெருப்பு அதன் இளமையிலேயே அடக்கப்படுவதால், காலத்தின் வர்க்கத்தோடு ஏறிக்கொண்டிருந்த உக்கிரம் அவ்விடத்தில் தடைபடுகிறது. தவறியவனுக்குக் கூடுதலான வினாடிகள் கிடைக்கின்றன. அந்த வினாடிகளையே விதி கூடுதலான அடிகளாக மாற்றித் தருகிறது. மற்றொரு விலக்கு, முட்டின் நீளம் அதன் மிகக் குறைந்த அகலத்தைப் போல் இரண்டரை மடங்குக்கு உட்பட்டிருந்தால் 20 அடி என்ற வரம்பு பொருந்தாது என்பது. 8 அடி அகலமுள்ள கூடத்துக்கு இரண்டரை மடங்கு சரியாக 20 அடியே. ஆகவே அதைவிட அகன்ற கூடங்களுக்குத்தான் இந்தச் சலுகை பயன்படும். 12 அடி அகலமானால் ஏறக்குறைய 30 அடி வரை நீளலாம். அவ்வளவு அகன்று குறுகிய நீளமுடைய இடம் பார்வைக்கு ஒரு கூடம் போலத் தோன்றுமேயன்றி, எங்கோ கொண்டு சேர்க்கும் வழியென்ற மயக்கத்தை உண்டாக்காது என்பதே இதன் தாத்பரியம்.

முட்டு நடைக்கூடத்தோடு சேர்த்து எண்ண வேண்டிய வேறு இரண்டு விதிகள் உண்டு. முட்டின் உள்ளே அமைந்த அறைகளில் இருப்பவர்கள் வழி தவறாதவர்களாயினும், அவர்களுக்கு ஒரே திசைதான் இருக்கிறது. அவர்களுடைய அறைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே உள்ள ஓர் அறையில் தீ பற்றினால் போக்கு அடைபட்டுவிடும். எனவே, ஒருவன் தன் இருப்பிடத்திலிருந்து கிளம்பி, இரு வேறு திசைகளில் இரு வேறு படிக்கட்டுகளுக்குப் போகலாம் என்ற தேர்வு கிடைக்கும் இடத்தை அடையும் வரையில் நடக்கும் தூரத்தையும் விதி அளக்கிறது. நீர்த்தெளிப்பான் இல்லாத பெரும்பாலான கட்டடங்களில் அது 75 அடிக்கு மேற்படலாகாது. அடுத்தது, இரண்டு படிக்கட்டுகள் எவ்வளவு விலகியிருக்க வேண்டும் என்பது. பக்கத்தில் பக்கத்தில் அமைந்த இரு படிக்கட்டுகளை ஒரே நெருப்பு அடைத்துவிடுமாதலால், உயிர் காக்கும் நோக்கில் அவை ஒன்றுதான். தளத்தின் மூலைக்கு மூலை அளந்த தூரத்தில் பாதியளவேனும், நீர்த்தெளிப்பான் உள்ள கட்டடமானால் மூன்றில் ஒரு பங்கேனும் அவை விலகியிருக்க வேண்டும். 30 மீட்டருக்கு 40 மீட்டர் அளவுள்ள தளத்தின் மூலைவிட்டம் 50 மீட்டர். ஆகவே அங்கே இரு படிக்கட்டுகளுக்கு இடையே 25 மீட்டர் வேண்டும். படிக்கட்டுகளை நடைக்கூடத்தின் இரு முனைகளிலும் கொண்டுபோய் வைத்துவிட்டால் இந்த விதியும் நிறைவேறுகிறது, முட்டு என்பதே இல்லாமலும் போகிறது. ஆனால் முனையில் இருக்கும் இடம் காற்றும் வெளிச்சமும் காட்சியும் உடையது, அதிக வாடகை தரக்கூடியது. ஆதலால் படிக்கட்டுகள் லிஃப்டை ஒட்டி நடுவே தள்ளப்படுகின்றன, முனைகள் முட்டுகளாகின்றன. முட்டு நடைக்கூடங்கள் பலவற்றின் பிறப்பு இப்படிப்பட்ட வாடகைக் கணக்கிலேதான்.

அபாய வேளையில் மனிதர் எவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பதையும் விதி வகுப்போர் அறிந்திருக்க வேண்டும். கூட்டம் உடனே வெறிகொண்டு விலங்குத்தனமாக ஓடும் என்ற பொதுவான எண்ணத்தை ஆராய்ச்சி ஆதரிக்கவில்லை. பெரும்பாலோர் முதலில் நம்ப மறுத்துத் தாமதிக்கிறார்கள். பிறகு தம்மவரைத் தேடுகிறார்கள். கடைசியில் தாம் உள்ளே வந்த வழியையே நாடுகிறார்கள். 1942-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் இரவு பாஸ்டன் நகரத்து கோகோனட் குரோவ் கேளிக்கை விடுதியில் தீ பற்றியபோது, வந்தவர்கள் பெருந்திரளாக முன்வாசலின் சுழல் கதவை நோக்கியே விரைந்தார்கள். இரு புறமும் தள்ளப்பட்ட கதவு சுழலாமல் இறுகி நின்றது. வேறு சில கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. 492 பேர் மாண்டனர். சுழல் கதவின் பக்கத்திலேயே வெளிப்புறமாகத் திறக்கும் சாதாரணக் கதவுகளும் இருக்க வேண்டும் என்ற விதி அந்தத் துயரத்திலிருந்து பிறந்தது. வந்த வழியையே தேடுவது அறிவீனம் அன்று. அறியாத இடத்தில் அறிந்த ஒன்றைப் பற்றிக்கொள்வது மனத்தின் இயல்பு. அந்த இயல்பைத் திருத்த முயல்வதைவிட, அதற்கு இசையக் கட்டடத்தை அமைப்பதே விவேகம்.

வரைபடத்தில் முட்டே இல்லாத கட்டடமும் பின்னர் முட்டுடையதாகிவிடலாம் என்பதுதான் இவ்விஷயத்தில் நம் நாட்டினர் முக்கியமாகக் கருத வேண்டியது. படிக்கட்டின் கதவில் ஒரு பூட்டைத் தொங்கவிட்ட அந்த நிமிஷத்திலேயே, அதற்குச் செல்லும் நடைக்கூடம் முழுவதும், 60 அடியானாலும் 100 அடியானாலும், ஒரு முட்டாக மாறிவிடுகிறது; எந்த அதிகாரியும் ஒப்பமிடாத முட்டு அது. 1997-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் மாலை, தில்லியிலுள்ள உபஹார் திரையரங்கின் கீழ்த்தளத்து மின்மாற்றியில் பற்றிய தீயின் புகை, படிக்கட்டு வழியாகவும் குளிர்சாதனக் குழாய்கள் வழியாகவும் மேலேறிப் பால்கனியைச் சூழ்ந்தது. அந்தப் பால்கனியின் வலப்புறத்தில் முதலில் விடப்பட்டிருந்த நடைவழியை அடைத்துக் கூடுதலாக ஆசனங்கள் போடப்பட்டிருந்தன. அப்பக்கத்து வெளிவாயிலை எட்டு இருக்கைகள் கொண்ட தனிப் பெட்டி ஒன்று மறைத்திருந்தது. 59 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது தழல் அன்று, மூச்சடைப்பு. எதிரெதிர்த் திசைகளில் பிரிந்து போயிருக்க வேண்டிய ஜனங்கள் ஒரு பக்கமே நெருங்கும்படி, சில டிக்கெட்டுகளின் வருமானம் செய்துவிட்டது. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியில் நேர்ந்த தீவிபத்தில் 94 குழந்தைகளை நாம் பறிகொடுத்ததற்குக் கீற்றுக் கூரை ஒரு காரணமென்றால், அளவுக்கு மீறிய குழந்தைகளை மாடியில் சேர்த்து வைத்துக் குறுகலான படிக்கட்டை மட்டும் அவர்களுக்குக் கொடுத்திருந்தது மற்றொரு காரணம். கூரை மாற்றப்பட வேண்டும் என்பது எல்லோருக்கும் உடனே விளங்கிற்று. வழியும் அகல வேண்டும், இரண்டாக வேண்டும் என்பது அதே அளவுக்கு நம் நெஞ்சில் பதியவில்லை என்று வருந்துகிறேன்.

திருட்டைத் தடுக்கவே பூட்டுகிறோம் என்று சொல்வோர்க்கு நூறாண்டுக்கு முன்பே விடை கிடைத்திருக்கிறது. 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் சிகாகோ நகரத்து ஐரோகுவா நாடகக் கொட்டகையில், பூட்டிய கதவுகளுக்கும் இரும்புக் கிராதிகளுக்கும் பின்னால் 602 பேர் தீவிபத்தில் மாண்ட பிறகு, இண்டியானாபொலிஸ் நகரத்தில் உலோகச் சாமான் வியாபாரத்தில் இருந்தவர்கள் ஒரு யுக்தி கண்டார்கள். கதவின் உட்புறத்தில் குறுக்காக ஒரு தண்டு. வெளியிலிருந்து வருபவனுக்கு அக்கதவு பூட்டிய கதவே, உள்ளிருந்து உடலால் அதன்மேல் சாய்பவனுக்கோ அது திறந்த கதவு. 1908 முதல் விற்பனைக்கு வந்த இச்சாதனம் இன்று உலகமெங்கும் கிடைக்கிறது. சாவி தேட வேண்டியதில்லை, கைப்பிடியைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பின்னிருந்து நெருக்கும் கூட்டத்தின் பாரமே கதவைத் திறந்துவிடுகிறது. இது இருக்கும்போது, உட்புறமாகப் பூட்டிய படிக்கட்டுக் கதவுக்குச் சொல்லத்தக்க நியாயம் ஒன்றும் இல்லை.

விதி புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிடும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970-இல் முதன்முதலாக வெளிவந்து, பின்னர் 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டிருக்கிறது. எனினும் அதனைத் தம் சட்டங்களில் ஏற்றுச் செயற்படுத்துவது மாநிலங்களின் பொறுப்பாகவும், நாள்தோறும் காப்பாற்றுவது கட்டடத்தில் வாழ்வோரின் பொறுப்பாகவும் இருக்கிறது. அனுமதி பெற்ற நாளில் திறந்திருந்த வழியில் மறு மாதமே மூட்டைகளும் பழைய மேசைகளும் வந்து அடைகின்றன. படிக்கட்டின் அடியில் இருசக்கர வாகனங்கள் நிறைகின்றன. இரவில் இழுத்துப் பூட்டும் இரும்புக் கிராதியின் சாவி, காவலாளியின் பையில் ஊர் போய்விடுகிறது. இவற்றை நீக்குவதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. கேட்கும் வாய் தேவை. புதிய விடுதியில் அறைக்குள் புகுமுன் இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று நடந்து பார்த்து, இடையிலுள்ள கதவுகளை எண்ணி வைத்துக்கொள்வதும், குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர் வகுப்பறையிலிருந்து இரு திசைகளில் வெளியேற முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்பதும், அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் படிக்கட்டுக் கதவின் பூட்டைப் பற்றிப் பேசுவதும் நம் எல்லோராலும் ஆகக்கூடிய காரியங்கள்.

புகைக்குள் அகப்பட்டவன் அறிவாளியாக இருக்கலாம், தைரியசாலியாக இருக்கலாம், ஊருக்கே உதவியவனாக இருக்கலாம்; அந்தச் சில நிமிஷங்களில் அவனும் இடம் தெரியாமல் தடவுகிற ஒரு மனிதன்தான். அவன் தவறுவான் என்று முன்கூட்டியே அறிந்து, அத்தவறுக்கு மரணம் தண்டனையாகிவிடக் கூடாது என்ற கருணையோடு, எத்தனையோ விபத்துகளின் விசாரணையைப் படித்தவர்கள் இந்தத் தூரத்தை வரையறுத்திருக்கிறார்கள். அதை ஓரடிகூட நீட்டுவதற்கு எந்த வாடகைக் கணக்கும், எந்தக் காவல் ஏற்பாடும் நமக்கு உரிமை தருவதில்லை.